நினைவின் உரைகல்

பொன்னை உரைத்துப் பார்த்து வாங்குவதும், பானையைத் தட்டிப் பார்த்து வாங்குவதும் நம் மக்களின் பழைய வழக்கம். கண்ணுக்கு நன்றாகத் தோன்றுவது காரியத்துக்கும் உதவுமா என்பதைச் சோதனை ஒன்றே சொல்லும். கணினியின் நினைவகமும் இந்த விதிக்கு விலக்கன்று. பினாங்குத் தீவில், பாயான் லெப்பாசுக்கு அருகே ஓர் அடுக்குமாடி வீட்டில் தம் தாயாருடன் வாழும் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர், இவ்வுண்மையைச் சற்றுப் பெரிய விலை கொடுத்தே கற்றுக்கொண்டார்.

2020ஆம் ஆண்டு மார்ச்சு 18ஆம் நாள் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது. பள்ளிகள் மூடப்பட்டன, வகுப்புகள் இயங்கலைக்கு மாறின. ஆசிரியரின் பழைய கணினி அச்சுமையைத் தாங்காமல் திணறியது. ஆகவே, தலைக்கு 8 கிகாபைட்டு கொள்ளும் இரண்டு டிடிஆர்4 நினைவகப் பலகைகளை அஞ்சல்வழி வரவழைத்தார். வகுப்பு மட்டுமன்று, வேறொரு கடமையும் அவர் மனத்தில் இருந்தது. மறைந்த தந்தையார் தோட்டத்துக் கோயில் திருவிழாக்களில் பாடிய பாடல்கள் 40 ஒலிநாடாக்களில் கிடந்தன. நாடா பூசணம் பிடிப்பதற்குள் அவற்றைக் கணினிக்கு மாற்றிவிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாளைய எண்ணம்.

பலகையின் மேல் 3200 என்ற வேகக் குறியும், அதனை அடுத்து 16 என்ற எண்ணும் பொறிக்கப்பட்டிருந்தன. ஆயினும் பலகையைப் பொருத்திக் கணினியை இயக்கியபோது 2133 என்றே திரையில் தெரிந்தது. ஏமாற்றப்பட்டோமோ என்று அவர் ஐயுற்றார். உண்மை அதுவன்று. எந்தக் கணினியிலும் தவறாது இயங்கும்பொருட்டு, பலகை முதலில் பொதுவான அடக்க நிலையிலேயே விழிக்கும். விற்றவர் வாக்களித்த வேகத்தைப் பெற, கணினியின் அடிப்படை அமைப்பிற்குள் சென்று எக்ஸ்.எம்.பி. என்னும் குறிப்பை இயக்க வேண்டும். அப்போது மின்னழுத்தமும் 1.2 வோல்ட்டிலிருந்து 1.35 வோல்ட்டாக உயரும். அவர் அவ்வாறே செய்தார், 3200 கிட்டியது.

அத்துடன் நின்றிருக்கலாம். ஆனால் கிட்டியது போதும் என்று நிற்பது மனித மனத்துக்கு எளிதன்று. சிறுகச் சிறுக ஏற்றி 3600க்குக் கொண்டு சென்றார். காத்திருப்பு எண்ணை மட்டும் 16ஆகவே விட்டுவிட்டார். இரவு பத்து மணிக்கு, குளிர்சாதனம் ஓடும் அறையில், மெம்டெஸ்ட் என்னும் சோதனை நிரலை ஒருமுறை ஓடவிட்டார். நினைவகத்தின் ஒவ்வோர் இடத்திலும் ஒன்றையும் சுழியத்தையும் பல கோலங்களில் எழுதி, மீண்டும் படித்து, எழுதியதுதான் வருகிறதா என்று பார்ப்பது அந்நிரலின் பணி. பிழை ஏதும் இல்லை. செலவில்லாமல் கூடுதல் வேகம் பெற்றோம் என்ற மகிழ்ச்சியோடு உறங்கச் சென்றார்.

அடுத்த சில வாரங்களில் 40 நாடாக்களும் கணினிக்கு மாறின. நாடாக்களைப் பெட்டியில் கட்டி, குப்பைக்கு அனுப்ப வாசலருகே வைத்தார். தாயார் ஒன்றும் பேசாமல் அந்தப் பெட்டியை எடுத்துத் தம் கட்டிலின் கீழே தள்ளிவிட்டார்.

பதிவுகளை வேறொரு வட்டுக்குப் படியெடுத்து இரண்டையும் ஒப்பிட்ட நாளில்தான் ஆசிரியருக்கு உள்ளம் நடுங்கியது. மூன்று பதிவுகள் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. மூலம் கெட்டதா, படி கெட்டதா என்று அறியவும் வழியில்லை. அதைவிடக் கொடிது மற்றொன்று. பொருந்திய 37 பதிவுகளும் நல்லவைதாமா? முதன்முதல் எழுதும்போதே பிழை புகுந்திருந்தால், இரண்டு படிகளும் ஒரே பிழையைத்தானே சுமந்து நிற்கும்!

தாயாரிடம் சொன்னார். அவ்வம்மையார் சாதாரணமானவர் அல்லர். 1972ஆம் ஆண்டு பாயான் லெப்பாசில் தடையற்ற வாணிப வட்டாரம் தொடங்கியது. அதற்கடுத்த ஆண்டே, கெடாவின் இரப்பர்த் தோட்டத்தை விட்டு வந்து மின்னியல் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்தவர் அவர். தலைமயிரினும் மெல்லிய பொற்கம்பியை நுண்ணோக்கி வழியே பார்த்துச் சில்லுகளில் இணைத்து இணைத்து, கண்பார்வையில் பாதியைத் தேய்த்தவர். மகன் சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றே:

“சூட்டில வச்சுப் பார்த்தியா, தம்பி? நாங்க அடுப்பில போட்டுத்தான் அனுப்புவோம். குளிர்ல எல்லாமே நல்லாத்தான் வேலை செய்யும்.”

அம்மையார் சொன்னது ஆழ்ந்த உண்மை. 1966ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனத்தின் இராபர்ட் டென்னார்டு கண்ட அமைப்பே இன்றைய நினைவகத்துக்கும் அடிப்படை. ஒரு துணுக்குச் செய்திக்கு ஒரு திரிதடையம், ஒரு சிறு மின்தேக்கி, அவ்வளவே. மின்தேக்கி ஓட்டைக் குடம் போன்றது. அதிலுள்ள மின்னூட்டம் ஓயாது கசிகிறது. ஆகவே ஒரு நொடியை ஆயிரமாகப் பகுத்தால் வரும் 64 கூறுகளுக்குள், ஒவ்வொரு வரிசையையும் ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். வெப்பம் ஏறக் கசிவும் ஏறும். 85 பாகைக்கு மேல் இருமடங்கு விரைவில் புதுப்பிக்க வேண்டும் என்பது தரவிதி. வேகக் கணக்கும் ஒன்று உண்டு. 3200இல் 16 துடிப்பு என்பது ஒரு நொடியின் நூறு கோடியில் 10 பங்கு. 3600இல் அதே 16 துடிப்பு 9 பங்கிற்கும் குறைவு. பத்தில் தருவதாக வாக்களித்தவனிடம் ஒன்பதுக்குள் கேட்டால், நல்ல வேளையில் தருவான்; களைத்த வேளையில் எதையோ தருவான்.

மறுநாள் நண்பகலில், குளிர்சாதனத்தையும் விசிறியையும் நிறுத்திவிட்டு ஆசிரியர் அதே சோதனையை ஓடவிட்டார். முதற்சுற்று பிழையின்றிக் கடந்தது. இரண்டாம் சுற்றில் செந்நிற வரிகள் இரண்டு தோன்றின. கோடிக்கணக்கான இடங்களில் இரண்டே பிழைகள். எனினும் தந்தையின் குரலை நம்பி ஒப்படைத்த இடத்தில் இரண்டு என்பது சிறிய எண்ணன்று. அவர் 3200க்கே இறங்கி, அதே வெயிலில் நான்கு சுற்று ஓடவிட்டார். ஒரு பிழையும் இல்லை.

பின்பு தாயாரின் கட்டிலடியிலிருந்து பெட்டி வெளியே வந்தது. 40 நாடாக்களும் மீண்டும் ஒலித்தன. வேலை முடிய மேலும் ஒரு மாதம் ஆயிற்று. முப்பத்தொன்பது நன்றாக ஏறின. ஒன்று மட்டும், முதுமையால் நைந்திருந்த நாடா, இரண்டாம் முறை சுழல்கையில் அறுந்து சிக்கி நொறுங்கிப்போயிற்று. அந்தப் பாடலுக்கு இன்று எஞ்சியிருப்பது, ஐயத்திற்குரிய அந்த முதற்பதிவே. அதன் நடுவில் ஓரிடத்தில் ‘டக்’ என்றோர் ஒலி கேட்கிறது. அது நாடாவின் பழமையா, நினைவகத்தின் பிழையா, தந்தையாரின் கைத்தாளம் தவறியதா என்று எவராலும் சொல்ல இயலாது.

தாயார் அதனைக் கேட்கும்போதெல்லாம், “அது தாளம்தான்” என்கிறார். மகன் மறுப்பதில்லை. ஆனால் அன்று முதல், புதிய பலகை எதுவாயினும், நண்பகல் வெயிலில் நான்கு சுற்றுக் கடந்த பின்னரே அதனிடம் ஒரு சொல்லையேனும் ஒப்படைக்கிறார். விரைந்து நினைப்பது திறமை; நினைத்ததை மாறாமல் திருப்பித் தருவதே நம்பகம். பதறாத காரியம் சிதறாது என்ற பழமொழி, பொறிகளுக்கும் சேர்த்தே சொல்லப்பட்டதுபோலும்!