அலமாரியில் ஓரிடம்

நூலகவியல் பட்டப்படிப்பில் இப்போது என் மேசையை நிறைத்திருப்பது வகைப்படுத்தல் தாள். டியூயி 1876இல் வெளியிட்ட தசமப் பகுப்பு முறையில் அந்தமான் நிகோபார் வரலாற்றுக்கு 954.88, தமிழ் இலக்கியத்துக்கு 894.811. எண்கள் பழகப் பழக, எந்த அலமாரியைப் பார்த்தாலும் நூல்களின் முதுகைத்தான் முதலில் படிக்கிறேன்.

2004 டிசம்பர் 26 சுனாமியைப் பற்றிய ஒரு நூலை எங்கே வைப்பது? கடலலையின் அறிவியல் என்றால் 551.46. மீட்பு, நிவாரணம் என்றால் 363.34. தீவின் வரலாறு என்றால் 954.88. நூல் எதை அதிகம் பேசுகிறதோ அங்கே வை என்கிறது விதி. சரிதான். ஆனால் நிகோபாரின் கச்சால் தீவிலிருந்து கப்பலேறி நூலகத்துக்கு வருகிறவர் அப்படிக் கேட்பாரா? இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்கள் ரப்பர் தோட்ட வேலைக்குக் குடியேறிய தீவு அது. சுனாமி மிக மோசமாகச் சிதைத்த இடங்களில் ஒன்று. "எங்க தீவைப் பத்தி ஏதாச்சும் இருக்கா?" என்றுதான் கேட்பார். மூன்று அலமாரிகளில் சிதறிக் கிடக்கும் பதிலை அவர் எப்படித் தேடுவார்?

இந்த இடத்தில்தான் ரங்கநாதனை விடாமல் படிக்கத் தோன்றுகிறது. சீர்காழிக்காரர். கணித ஆசிரியராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர். லண்டன் கடையொன்றில் பார்த்த மெக்கானோ விளையாட்டுப் பொருளே கோலன் பகுப்புக்கு வித்து என்பார்கள். சில துண்டுகளை மாற்றி மாற்றிப் பூட்டிப் பல பொம்மைகள் செய்வதுபோல, பொருள், இடம், காலம் என்று கூறுகளைக் கோத்து எண் அமைக்கும் முறை அது, 1933இல் வெளிவந்தது. ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அவருடைய சங்கிலிமுறைச் சொல்லடைவு. வகை எண்ணின் ஒவ்வொரு கண்ணியையும் கடைசியிலிருந்து முன்னோக்கிப் பிரித்து, ஒவ்வொன்றையும் தேடுசொல்லாக்குகிறார். அலமாரியில் நூலுக்கு ஓரிடம்தான். அட்டவணையில் எத்தனை இடமும் தரலாம். சுனாமி என்று தேடினாலும், நிவாரணம் என்று தேடினாலும், தீவின் பெயரைச் சொன்னாலும் அதே நூலுக்கு வழி கிடைக்கும்.

எங்கள் அந்தமான் நிகோபார் தீவுகளுக்கு இந்தச் சொல்லடைவு ஆடம்பரம் அல்ல, அடிப்படைத் தேவை. பெயர்களே மாறிக்கொண்டிருக்கின்றன: 2018இல் ஹேவ்லாக் சுவராஜ் தீவாயிற்று, நீல் ஷாகீத் தீவாயிற்று, 2024இல் போர்ட் பிளேர் ஸ்ரீ விஜயபுரம் ஆயிற்று. பழைய நூல்களிலும் பெரியவர்களின் பேச்சிலும் பழைய பெயர்கள்தாம். பள்ளிப் பிள்ளைகள் புதிய பெயரில் தேடுவார்கள். ஆகவே ஒவ்வொரு பழைய பெயருக்கும் 'காண்க' என்றொரு குறிப்பு வேண்டும். பாடப் பயிற்சிக்காகத் தொடங்கிய அந்தப் பட்டியலில் இப்போது ராஸ் தீவைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.