இன்ட்ரஸ்ட் என்றால் ஆர்வம் மட்டுமா?

பள்ளியிலிருந்து வந்த மதிப்பெண் அட்டையின் அடியில் வகுப்பு ஆசிரியை ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதியிருந்தார். அறிவியலில் உங்கள் மகளுக்கு நல்ல இன்ட்ரஸ்ட் இருக்கிறது என்பது அதன் கருத்து. ஆறாம் வகுப்பில் படிக்கும் எங்கள் மகள் அதைக் காட்டி அச்சொல்லுக்குப் பொருள் கேட்டாள். ஆர்வம் என்றோம். மகிழ்ந்து போனாள். ஆனால் அடுத்த கேள்வி உடனே வந்தது. "அப்ப நீங்க மாசாமாசம் பேங்க்ல கட்டுற இன்ட்ரஸ்ட்டு? அதுவும் ஆர்வமா?"

அது வட்டி என்று சொல்ல வேண்டியதாயிற்று. "வட்டியா? மதரஸாவுல உஸ்தாத் அது ஹராம்னு சொன்னாங்களே" என்றாள். குற்றம் சாட்டும் தொனி அதில் இல்லை. உண்மையிலேயே விளங்காமல்தான் கேட்டாள். அதனாலேயே எங்களால் பதில் சொல்ல முடியவில்லை.

நடந்தது இதுதான். இரண்டு ஆண்டுகளுக்கு முன் பெய்த மழையில் எங்கள் வீட்டு மேல்தளம் ஒழுகத் தொடங்கியது. கொத்தனார் பார்த்துவிட்டு இனியும் தள்ளிப்போட்டால் காரை பெயர்ந்து விழும் என்றார். கையில் பணமில்லை. வளையல்களை ஒரு ரசீதிலும் சங்கிலியை இன்னொரு ரசீதிலுமாக வங்கியில் வைத்து, இரண்டு லட்சம் ரூபாய் நகைக்கடன் பெற்றோம். ஆண்டுக்கு நூற்றுக்கு 9 வீதம், மாதம் 1,500 ரூபாய். வீட்டு வரவு செலவு நோட்டில் பால், மின்சாரம், பள்ளி வேன் என்ற வரிசையில் 'இன்ட். 1,500' என்று அதுவும் இடம்பிடித்துக்கொண்டது.

மகள் தூங்கிய பிறகு அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தோம். இரண்டு ஆண்டுப் பக்கங்களில் ஓரிடத்தில்கூட வட்டி என்ற சொல் இல்லை. பேச்சிலும் அப்படித்தான். 'இன்ட்ரஸ்ட் கட்டியாச்சா?' என்று கேட்டிருக்கிறோமே தவிர, 'வட்டி கட்டியாச்சா?' என்று ஒருநாளும் கேட்டதில்லை. யாரும் திட்டமிட்டு அச்சொல்லைத் தவிர்க்கவில்லை. ஜும்ஆ உரையில் கேட்டு அஞ்சிய சொல் வட்டி. வங்கியின் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் புன்னகையோடு சொல்லப்படும் சொல் இன்ட்ரஸ்ட். இரண்டும் ஒன்றுதான் என்பது அறிவுக்குத் தெரியும். காதுக்குத் தெரியாமல் போய்விட்டது.

இந்த ஆங்கிலச் சொல்லின் வரலாற்றைத் தேடிப் படித்தபோது, இந்த மயக்கம் எங்களோடு தொடங்கியதல்ல என்பது புரிந்தது. இதன் மூலம் 'இன்டெரெஸ்ஸே' என்னும் லத்தீன் சொல். இடையில் இருத்தல் என்பது அதன் நேர்ப்பொருள். ஒரு விஷயம் நமக்கும் பிறிதொன்றுக்கும் இடையில் நின்று நம்மைத் தொடுகிறது என்ற கருத்திலிருந்தே அக்கறை, ஆர்வம், நலன், பங்கு ஆகிய பொருள்கள் கிளைத்தன. நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு என்னும்போது நலன் என்பதும், சொத்துப் பத்திரத்தில் ஒருவருக்குள்ள பாத்தியதை என்பதும் ஆங்கிலத்தில் இதே சொல்தான்.

பணத்தின் கதை வேறு. நடுக்கால ஐரோப்பாவில் வட்டிக்கு வழங்கிய பெயர் 'உசுரா', ஆங்கிலத்தில் 'யூஷரி'. கிறிஸ்தவத் திருச்சபை அதைக் கடுமையாகத் தடுத்தது. 1179 ஆம் ஆண்டின் மூன்றாம் லாத்தரன் சங்கம், பகிரங்கமாக வட்டித்தொழில் செய்வோருக்குக் கிறிஸ்தவ முறையிலான அடக்கத்தைக்கூட மறுத்தது. எனினும் ஒரு வாசல் திறந்திருந்தது. கடனைக் குறித்த நாளில் திருப்பித் தராததால் கொடுத்தவருக்கு நட்டம் நேர்ந்தால், அதற்கு ஈடு கேட்கலாம் என்றனர் சட்ட அறிஞர்கள். இருந்திருக்க வேண்டிய நிலைக்கும் இப்போதுள்ள நிலைக்கும் இடைப்பட்ட வேறுபாடே அந்த ஈடு. அதற்குப் பெயர் 'இன்டெரெஸ்ஸே'. வாசல் சிறியதுதான். ஆனால் காலப்போக்கில் வட்டி முழுவதும் அதன் வழியே உள்ளே வந்துவிட்டது. இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றியின் ஆட்சியில் 1545 ஆம் ஆண்டுச் சட்டம் நூற்றுக்கு 10 வரை அனுமதித்தது. 1552 இல் அது நீக்கப்பட்டு, 1571 இல் மீண்டும் வந்தது. இன்று யூஷரி என்றால் வரம்பு மீறிய வட்டி மட்டுமே. வரம்புக்குள் இருப்பதெல்லாம் இன்ட்ரஸ்ட்.

நம் ஊரில் மட்டும் என்ன வாழ்ந்தது? கந்துவட்டி, மீட்டர் வட்டி என்றால் முகம் சுளிக்கிறோம். 2003 ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டமும் அதீத வட்டியைத்தான் தடை செய்கிறது. கொடுமையான வட்டிக்கு ஒரு பெயரைக் கொடுத்துவிட்டதால் மற்ற வட்டி சாதுவாகிவிட்டது. வளைகுடாவில் வேலை பார்க்கும் எங்கள் சகோதரர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். அங்குள்ள வங்கிகளில் வட்டிக்கு வழங்கும் அரபுச் சொல் 'ஃபாயிதா'. பயன் என்று பொருள். குர்ஆன் பயன்படுத்தும் 'ரிபா' என்ற சொல்லை வங்கியின் பலகையில் யார்தான் எழுதுவார்கள்?

நபி (ஸல்) அவர்கள் இறுதி ஹஜ்ஜில் அரஃபாத்தில் ஆற்றிய உரையில், அறியாமைக் கால வட்டியை ரத்துச் செய்தபோது முதலில் தள்ளுபடி செய்தது தம் சிறிய தந்தை அப்பாஸ் (ரலி) அவர்களுக்கு வரவேண்டிய வட்டியைத்தான். இதைப் பல முறை கேட்டிருக்கிறோம். அப்போதெல்லாம் அது வாங்குவோருக்கான செய்தி என்று எண்ணிக்கொண்டோம். வட்டி உண்பவரோடு கொடுப்பவரையும், எழுதுபவரையும், சாட்சிகளையும் சேர்த்துச் சபித்ததாக ஸஹீஹ் முஸ்லிமில் வரும் நபிமொழியும் நமக்குப் புதிதன்று. நிர்ப்பந்தம் என்று மனம் வாதாடியது. ஒழுகும் கூரை நிர்ப்பந்தமாகுமா என்று தீர்ப்புச் சொல்ல நாங்கள் ஆலிம்கள் அல்லர். ஆனால் வேறு வழியைத் தேடிப் பார்த்தோமா என்ற கேள்விக்கு உண்மையான பதில் எங்களிடம் இருந்தது. தேடவில்லை.

எங்கள் மஹல்லாவிலேயே பைத்துல்மால் இருக்கிறது. நகையை ஈடாக வைத்து வட்டியில்லாமல் கடன் தருகிறார்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரு லட்சம்தான் உச்சவரம்பு. போய்க் கேட்பதில் எங்களுக்குக் கூச்சம் இருந்தது. நாலு பேர் அமர்ந்திருக்கும் இடத்தில் ரசீதை நீட்டுவதைவிட, முகம் தெரியாத வங்கியில் கையெழுத்திடுவது எளிதாக இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இன்னொரு சிக்கலும் உண்டு. பைத்துல்மாலில் ஈடு வைக்க நகை வேண்டும், நகையோ வங்கியில். மச்சான் ஒருவர் ஒருநாள் கைமாற்றாக ஒரு லட்சம் தந்தார். காலையில் வளையல்களை மீட்டு, மாலையில் பைத்துல்மாலில் ஒப்படைத்து, மஃரிபுக்குப் பின் மச்சானிடம் பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். அல்ஹம்துலில்லாஹ், கூச்சப்பட்ட அளவுக்கு அங்கே யாரும் எதுவும் கேட்கவில்லை.

சங்கிலி இன்னும் வங்கியில்தான் இருக்கிறது. பைத்துல்மால் தவணையை முடித்த பிறகே அதற்கு வழி பிறக்கும், இன்ஷா அல்லாஹ். சென்ற மாதக் கணக்கை எழுதும்போது மகள் பக்கத்தில் வந்து அமர்ந்தாள். பால், மின்சாரம், பள்ளி வேன் ஆகியவற்றுக்குக் கீழே 'வட்டி 750' என்று எழுதியதைப் படித்துவிட்டு, "இது எப்ப முடியும்?" என்று கேட்டாள். மாதங்களை அவளையே எண்ணச் சொன்னோம்.