கம்பம் ஏறும் முன்

ஐ.டி.ஐ.களில் வயர்மேன் படிப்பு 2 ஆண்டு. எட்டாம் வகுப்புத் தேறியவர்களும் சேரலாம். ஒயரிங், மீட்டர், மோட்டார் எல்லாம் அங்கேயே கைக்கு வந்துவிடும். லைன் வேலை மட்டும் கம்பத்தடியில்தான் பிடிபடும். 11,000 வோல்ட் லைனில் கைவைக்கும் முன் 'லைன் கிளியர்' என்ற அனுமதியை வாங்க வேண்டும். லைனைத் துண்டிக்கும் ஏபி (ஏர் பிரேக்) சுவிட்சைத் திறந்து, மூன்று பிளேடும் விலகியிருப்பதைக் கண்ணால் பார்த்துப் பூட்டுப் போட வேண்டும். பிறகு எர்த் ராடு. அதன் ஒயரைத் தரையில் இணைத்த பிறகே கம்பியில் மாட்ட வேண்டும். கழற்றும்போது கம்பிதான் முதலில். வரிசை மாறினால் ராடைப் பிடித்தவர் உடம்பே எர்த் ஆகிவிடும். சப்ளைதான் இல்லையே என்று எர்த் ராடைத் தவிர்ப்பவர்களும் உண்டு. ஏதோ ஒரு கடையின் ஜெனரேட்டர் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லாமல் ஓடினால் போதும், அந்த 230 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் வழியே தலைகீழாக ஏறி, மேலே உயர் மின்னழுத்தமாக நிற்கும். இடுப்புக் கயிறு கட்டுவது இத்தனைக்கும் பிறகுதான்.