மினாக் கூடாரத்தில் ஒரு கேத்தல்

அல்ஹம்துலில்லாஹ்! 2017ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாத இறுதியில் எனக்கும் என் மனைவிக்கும் ஹஜ்ஜுக் கடமையை நிறைவேற்றும் பாக்கியம் கிடைத்தது. ஹஜ்ஜின் சட்டங்களைப் பல வருடங்களாக மாணவர்களுக்கு ஓதிக் கொடுத்தவன் நான். ஆனாலும் துல்ஹஜ் பிறை எட்டில் மினாவில் போய் இறங்கியபோது, கிதாபில் நான் கவனிக்காமல் விட்ட ஒரு பாடம் அங்கே எனக்காகக் காத்திருந்தது.

மஸ்ஜிதுல் ஹராமுக்குக் கிழக்கே சில கிலோமீற்றர் தூரத்தில் மலைகளுக்கு இடையே கிடக்கும் பள்ளத்தாக்கு மினா. ஹஜ் நாட்களில் அங்கே ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வெள்ளைக் கூடாரங்களில் உலகமே வந்து தங்குகிறது. எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை போலிருக்கும். வெளியே போனால் கூடார இலக்கத்தைக் கையில் எழுதிக்கொண்டுதான் போக வேண்டும்.

முன்பு அங்கே இருந்தவை துணிக் கூடாரங்கள். 1997 ஏப்ரல் 15ஆம் திகதி கேஸ் அடுப்பிலிருந்து பற்றிய தீ, பலத்த காற்றில் பரவி சுமார் 70,000 கூடாரங்களைச் சாம்பலாக்கியது. 343 ஹாஜிகள் வபாத்தானார்கள். (இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.) அதன் பின்னரே, கண்ணாடி நாரில் டெப்லோன் பூசிய, எளிதில் தீப்பற்றாத இன்றைய கூடாரங்கள் வந்தன. கூரையில் தீயணைக்கும் தண்ணீர்க் குழாய்களும் பொருத்தப்பட்டன. கூடாரத்துக்குள் கேஸ் அடுப்பு தடை செய்யப்பட்டது.

எங்கள் கூடாரத்தில் இருந்தது தண்ணீரால் குளிர வைக்கும் கூலர். வெளியிலுள்ள காய்ந்த காற்றை நனைந்த தட்டிகளின் ஊடாக இழுத்து உள்ளே விடும். தண்ணீர் ஆவியாகும்போது காற்று குளிர்ந்துவிடும். நம் கொழும்புப் புழுக்கத்துக்கு அது அவ்வளவாக உதவாது; மக்காவின் வறண்ட வெயிலுக்கு நன்றாக உதவும். ஆனால் ஒரு விஷயம். குளிர் வெளியே போய்விடும் என்று வாசல் திரையை இறுக்கி மூடினால், ஈரக் காற்று உள்ளேயே தங்கி மூச்சு முட்டும். திரையைச் சற்றுத் திறந்து வைக்க வேண்டும். இது தெரியாமல் பெண்கள் கூடாரத்தில் முதல் நாள் பகல் முழுவதும் திரையை மூடுவதும் திறப்பதுமாகவே கழிந்ததாம்.

அன்றிரவு இஷாவுக்குப் பிறகு எனக்குத் தேத்தண்ணீர் ஆசை வந்தது. ஊரிலிருந்து மின்சாரக் கேத்தல் ஒன்று கொண்டு போயிருந்தேன். வேண்டாம் என்று குழுத் தலைவர் முன்பே சொல்லியிருந்தார். "ஒரு கோப்பைதானே" என்று நினைத்தேன். ஏற்கனவே ஏழெட்டு போன்கள் தொங்கிக் கொண்டிருந்த மல்டி பிளக்கில் அதையும் சொருகினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மல்டி பிளக்கிலிருந்து ஒரு தீய்ந்த வாடை. மறுகணம் விளக்கு அணைந்தது, கூலர் நின்றது. அடுத்திருந்த பெண்கள் கூடாரமும் இருண்டது.

கேத்தல் ஒன்று இழுக்கும் மின்சாரம் சுமார் 2,000 வோட்ஸ். போன் சார்ஜர் ஒன்று 20 வோட்ஸ் அளவில் இழுக்கும் என்று வைத்தால், நான் ஒருவனே நூறு பேரின் பங்கை எடுத்திருக்கிறேன்!

மின்சாரம் திரும்பி வர முக்கால் மணி நேரமானது. அதற்குள் பெண்கள் கூடாரத்தில் இழுப்பு வருத்தமுள்ள முதிய தாய் ஒருவருக்கு மூச்சுத் திணறத் தொடங்கியது. என் மனைவியும் இன்னும் இருவரும் அவரைத் தாங்கிக்கொண்டு நடைபாதைக்கு வந்து, பிஸ்கட் பெட்டி மட்டையால் விசிறினார்கள்.

"யாரோ கேத்தல் போட்டதாம். நீங்க மௌலவி, போய்ச் சொல்லுங்களேன்" என்றாள் மனைவி.

எனக்கு நா எழவில்லை. பிறகு அந்தத் தாயின் அருகே போய், "உம்மா, போட்டது நான்தான், மன்னிச்சிக் கொள்ளுங்க" என்றேன்.

அவர் மூச்சு வாங்கிக்கொண்டே, "பரவாயில்ல மகன். எனக்குத் தேத்தண்ணி வேணாம், காத்துப் போதும்" என்றார்.

மினாவில் நிழலுக்காக ஒரு கட்டடம் அமைத்துத் தரட்டுமா என்று ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்களிடம் கேட்கப்பட்டதாக அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவிக்கிறார்கள். மினா முந்தி வந்தவர் தங்குமிடம் என்று கூறி நபியவர்கள் மறுத்துவிட்டார்கள். திர்மிதியிலும் அபூதாவூதிலும் பதிவாகியுள்ள இந்த ஹதீஸை எத்தனை முறை ஓதிக் கொடுத்திருப்பேன்! அங்கே தமக்கென்று தனி வசதி வேண்டாம் என்றார்கள் நபியவர்கள். நானோ ஒரு கோப்பைத் தேத்தண்ணீருக்காக இரண்டு கூடாரங்களை இருட்டாக்கினேன்.

கூடாரத்தின் குளிர் ஆடம்பரமல்ல, சகோதரிகளே. 2024ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது மக்காவில் வெப்பம் 50 பாகையைத் தாண்டியது. 1,301 பேர் இறந்ததாக சவூதி அரசு அறிவித்தது. அவர்களில் ஐந்தில் நான்கு பங்குக்கும் அதிகமானோர் அனுமதியின்றி வந்து, தங்கக் கூடாரமின்றி வெயிலில் நடந்தவர்கள். ஆகவே நமக்குக் கிடைத்த நிழல் ஓர் அமானத்.

ஹஜ்ஜுக்கு நிய்யத் வைத்திருப்பவர்கள் இவற்றை நினைவில் வையுங்கள். கேத்தல், இஸ்திரிப் பெட்டி வேண்டாம். வெந்நீருக்கு ஒரு பிளாஸ்க் போதும். சவூதியில் இருப்பது பட்டையான மூன்று முனைப் பிளக். நம் வீடுகளின் உருண்டை முனைப் பிளக்கை அதில் திணிக்காதீர்கள். 10,000 அளவுள்ள பவர் பேங்க் ஒன்று சாதாரண போனை ஒருமுறையாவது முழுமையாகச் சார்ஜ் செய்யும். விமானத்தில் அதைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். முஸ்தலிபாவில் திறந்த வெளியில் கழியும் இரவில் அதுவும் ஒரு சிறு டோர்ச்சும் பெரிய துணை. தண்ணீர் தெளிக்கும் போத்தலும் குடையும் வெயிலுக்கு உதவும். ஈரத் துடைப்பான் கொண்டு போனால் வாசனை இல்லாததாக இருக்கட்டும். இஹ்ராமில் நறுமணம் கூடாது. கூலருக்கு நேர் கீழே முதியவர்களைப் படுக்க வைக்காதீர்கள். குளிர் அவர்களுக்கு ஒத்துக்கொள்ளாது.

எதையும் சொருகும் முன் பக்கத்தில் படுத்திருப்பவரை ஒருமுறை பாருங்கள். அரபாவில் அந்தத் தாய் எனக்காகவும் துஆச் செய்ததாக மனைவி சொன்னாள். அந்தக் கேத்தல் இன்றும் எங்கள் குசினியில் இருக்கிறது. அது கொதிக்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் அந்த இரவு நினைவுக்கு வருகிறது.

உங்கள் ஹஜ்ஜை அல்லாஹ் மப்ரூரானதாக ஆக்குவானாக. ஆமீன்.