துளையும் தூசியும்

கையால் செய்யும் வேலைக்கு அறிவு வேண்டியதில்லை என்னும் எண்ணம் நம் சமூகத்தில் ஆழ வேரோடியிருக்கிறது. பாடம் ஏறாத பிள்ளையை, "நீ மேசன் வேலைக்குத்தான் போவாய்" என்று ஏசும் ஆசிரியர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்த ஏச்சு எத்துணை பேதைமையானது என்பதை அறிய, குளியலறைச் சுவரின் போசலின் ஓட்டில் ஒரு துளை விழுவதை உற்று நோக்கினாலே போதும்.

2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை கல்முனைக்குடியின் கரையோர வீடுகளை வாரிக்கொண்டு போயிற்று. அதன்பின் எழுந்த வீடுகள் பலவற்றில், மத்திய கிழக்கில் சிந்திய வியர்வை பளபளக்கும் ஓடாகச் சுவரில் ஏறியிருக்கிறது. அந்தச் சுவரில் ஒரு கண்ணாடியோ துவாய்க் கம்பியோ மாட்ட வேண்டுமானால், மேசன் காக்காவைத்தான் நாம் அழைக்கிறோம்.

போசலின் சாதாரண ஓடன்று. வெண்களிமண், பெல்ஸ்பார், படிகக்கல் ஆகியவற்றின் பொடியைப் பேரழுத்தத்தில் இறுக்கி, 1200 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் சுடுகிறார்கள். தன் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் அது நீரை உறிஞ்சாது. உருக்கு முனை அதன்மேல் வழுக்கும். சீமெந்துச் சுவரைத் துளைக்கும் முனையோ விரைவில் மழுங்கும். சுத்தியல்போல இடித்துத் துளைத்தால் ஓடே வெடிக்கும். ஆகவே, விளிம்பில் வைரத்துகள் பதித்த குழல்முனை தேவைப்படுகிறது. அது வெட்டுவதில்லை, தேய்த்துத் தேய்த்தே வழி காண்கிறது.

நாம் அறிந்த மேசன் காக்கா ஒருவர், குறித்த இடத்தில் ஒட்டுத்தாள் ஒட்டுவார். டிறிலின் இடிக்கும் விசையை நிறுத்தி, வேகத்தைக் குறைப்பார். முனையைச் சாய்த்துப் பிடித்து முதலில் ஒரு பிறைக்கீறல் இடுவார். அது பிடித்தபின்பே மெல்ல நிமிர்த்துவார். சூடு வைரமுனையைக் கெடுத்துவிடும் என்பதால் ஓயாது நீர் சொட்டவேண்டும். மின்கருவிக்குள் அந்த நீர் புகாமலும் காக்கவேண்டும். இடையிடையே முனையை வெளியே எடுத்துச் சேற்றைக் கழுவுவார். ஓடு கடந்ததும் முனையை மாற்றிச் சுவரைத் துளைப்பார். "தம்பிமாரே, இது மல்லுக்கட்டுற வேலையில்ல; பொறுமைதான் கூலி" என்றார் ஒருமுறை. பௌதிகப் பாடத்தின் உராய்வும் வெப்பமும் அழுத்தமும் அவர் விரல்களில் இருந்தன.

இந்த அறிவு நேற்றுப் பிறந்ததன்று. நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சிந்துவெளித் தொழிலாளர் கடினக்கல் முனைகொண்டு செம்மணிகளைத் துளைத்தனர். குஜராத்தின் கம்பாத்தில் வைரமுனை பொருத்திய வில்துரப்பணம் நம் காலம் வரை வாழ்ந்திருக்கிறது. ஆனால் அதே கம்பாத்தில் அகேற் கற்களைத் தேய்த்த தொழிலாளர் பலரின் நுரையீரலைச் சிலிக்கோசிஸ் அரித்தது என்பதையும் நாம் மறக்கலாகாது. மணி செல்வர் கழுத்துக்குப் போயிற்று. தூசி தொழிலாளியின் நெஞ்சிலே தங்கிற்று.

போசலினிலும் அந்தப் படிகச் சிலிக்கா உண்டு. உலர்வாக அறுத்தாலும் துளைத்தாலும் கண்ணுக்குப் புலப்படாத அதன் துகள் மூச்சோடு உட்செல்கிறது. அத்துகள் மனிதருக்குப் புற்றுநோய் தரவல்லது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1997இல் வகைப்படுத்தியது. சிலிக்கா மிகுந்த செயற்கைக் கற்பலகைகளை அவுஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் தடைசெய்தது. போசலின் அத்தடையில் அடங்காது. எனினும் தூசியின் குணம் ஒன்றே. ஒரு துளையால் பெருங்கேடு இல்லை. நாள்தோறும் மூடிய குளியலறைக்குள் ஓடு அறுப்பவனின் கணக்கு வேறு.

முனையில் சொட்டும் நீர் கருவியைக் காப்பதோடு மனிதனையும் காக்கிறது. ஆனால் நீர் ஊற்றி வேலை செய்ய நேரம் வேண்டும். துளைக்கு இவ்வளவு என்று கூலி பேசி, "சுறுக்காக முடி" என்று அவசரப்படுத்தும் வீட்டுக்காரர் அந்த நேரத்தைத் தருவதில்லை. ஓடு வெடித்தாலோ அதன் விலையைக் கூலியிலேயே கழிக்கிறார். நல்ல முகமூடி கேட்டால், கைக்குட்டை போதாதா என்கிறார். இலாபம் ஒருபுறமும் ஆபத்து மறுபுறமுமாகப் பங்கிடும் பழைய வழக்கம் நம் வீட்டுக் குளியலறைக்குள்ளும் நடக்கிறது.

முகமூடிக்கும், நீருக்கும், வேண்டிய நேரத்துக்கும் சேர்த்துக் கூலி பேசுவது தருமம் அன்று, கடன். அந்தத் துளைக்குப் பின்னாலுள்ள அறிவை வகுப்பறையில் எடுத்துச் சொல்லும் ஆசிரியர், மேசனின் பிள்ளையைத் தலைநிமிர்ந்து உட்காரச் செய்வார்.