பார்க்காமல் வந்த கிராமம்

தாய்லாந்தின் வடக்கு மலைப் பகுதிக்குப் போக, முதலில் இறங்குகிற ஊர் சியாங் மாய். அங்கே கையில் திணிக்கிற விளம்பரத் தாள்களில் ஒரு படம் தவறாமல் இருக்கும்: கழுத்து நிறையப் பித்தளை வளையம் போட்ட பெண். "இதைப் பார்க்காம ஊருக்குத் திரும்பறதா!" என்று என் மாமியார் ஒற்றைக் காலில் நின்றார். என் ஒன்பது வயது மகளோ, "வலிக்காதாம்மா?" என்று கேட்டாள்.

இந்தப் பெண்கள் கயான் இனத்தவர். பர்மாவில் நடந்த சண்டைக்குத் தப்பி 1980-களிலும் அதற்குப் பிறகும் எல்லை தாண்டி வந்த குடும்பங்கள். ஐந்து வயது வாக்கிலேயே போட ஆரம்பிக்கிறார்களாம். தனித்தனி வளையங்கள் இல்லை, ஒரே பித்தளைக் கம்பிச் சுருள். வளர வளர இன்னும் நீளமானதாக மாற்றுவார்கள். உண்மையில் கழுத்து நீளுவதில்லை. அந்தக் கனம் காறை எலும்பையும் விலா எலும்புகளையும் கீழே அமுக்குவதால் நீண்டதுபோலத் தெரிகிறது.

நகரத்துக்குப் பக்கத்தில் இருப்பவை அவர்களுடைய சொந்த ஊர்கள் அல்ல, பயணிகளுக்காகவே அமைத்தவை. டிக்கெட் வாங்கி மனுஷியைப் பார்ப்பதா? எனக்கு மனசு ஒப்பவில்லை. "யாருமே போகலைன்னா அந்தப் பொண்ணுங்க எதைச் சாப்பிடும்?" என்றார் மாமியார். இன்று வரை அதற்கு என்னிடம் பதில் இல்லை. "சரிம்மா, மலைக்குப் போவோம். அங்கேயும் பொம்பளைங்க உழைச்சு விக்கறாங்க, அவங்ககிட்ட வாங்கு" என்று இவர்தான் சமாதானம் செய்தார்.

தோய் இந்தனோன் 2,565 மீட்டர் உயரம், அந்த நாட்டிலேயே உயர்ந்த சிகரம். காரில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. நாங்கள் போனது ஜனவரி. ஸ்வெட்டர் இல்லாமல் நிற்க முடியாது! இந்தப் பகுதி மலைகளில் ஒரு காலத்தில் அபினிச் செடி பயிரிட்டார்கள். 1969-ல் மன்னர் பூமிபோல் தொடங்கிய திட்டத்தால் ஸ்ட்ராபெரி, முட்டைகோஸ், பூ, காப்பி எல்லாம் வந்தன. சாலையோரச் சந்தையில் ஹ்மோங் பெண்கள் உலர்ந்த பழம் விற்கிறார்கள்.

சரிவில் மே கிளாங் லுவாங் என்ற கரேன் கிராமம். படிப்படியாக நெல் வயல்கள். செப்டம்பர், அக்டோபரில் போனால் பச்சை. எங்களுக்கு அறுத்த தாள்தான் கிடைத்தது. கரேன் பெண்கள் தறியின் ஒரு முனையைத் தூணில் கட்டி, மறு முனையை வாரால் இடுப்போடு பிணைத்து, தரையில் உட்கார்ந்து நெய்வார்கள். உடம்பைப் பின்னால் சாய்த்தால் பாவு இறுகும். கல்யாணமாகாத பெண்களுக்கு நீள வெள்ளை அங்கி. கல்யாணமானவர்களுக்குக் கலர் சட்டை, பாவாடை. சட்டையில் ஒரு வகைப் புல்லின் வெள்ளை விதைகளை மணிபோல் கோத்துத் தைப்பார்கள். மாமியார் ஒரு பெண்ணின் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். பாஷை தெரியாது, கரையைத் தடவிப் பார்ப்பதும், விரலை விட்டு விலை கேட்பதும்தான். பேரம் பேசாமல் அவர் ஒரு சாமான் வாங்கி அன்றுதான் பார்த்தேன்.

குழந்தைகளோடு போகிறவர்களுக்கு ஒன்று: பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வயலையும் காட்டையும் எரிக்கும் புகை அங்கே மண்டிக் கிடக்கும். இழுப்பு உள்ள பிள்ளைகளை அப்போது அழைத்துப் போகவே வேண்டாம். சைவம் சாப்பிடுகிறவர்கள் 'ஜே' என்று கேளுங்கள். இல்லாவிட்டால் எல்லாவற்றிலும் மீன் சாறு விழும்.

மே ஹோங் சோன் பக்கம் ஹுவாய் பு கெங் என்ற கயான் கிராமத்துக்கு ஆற்றில் படகில் போகலாமாம். அங்கே அந்தக் குடும்பங்களோடு உட்கார்ந்து கைவேலை கற்றுக்கொள்ளலாமாம். அடுத்த தடவை அங்கே கூட்டிப் போவதாக இவர் தன் அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். வழியில் 1,864 வளைவுகள் என்கிறார்கள். எலுமிச்சம்பழம் நிறைய வேண்டியிருக்கும்.