மஜூலித் தீவின் மண்

சக்கரமின்றியும் பானை வனையலாம் என்று எவரேனும் கூறியிருந்தால், முன்பு நாம் நகைத்திருப்போம். அசாம் மாநிலத்து மஜூலித் தீவைக் கண்டு மீண்டபின் அந்த நகைப்பு அடங்கிவிட்டது.

மொனராகலையிலிருந்து சென்ற எமக்கு, ஜோர்ஹாட் நகரை அண்மியதும் ஊவாவுக்கே திரும்பிவிட்டோமோ என்னும் மயக்கம் உண்டாயிற்று. எங்கும் தேயிலை! ஆனால் மலைதான் இல்லை; சமவெளியிலேயே கொழுந்து தளிர்க்கின்றது. நிமாதித் துறையிற் படகேறிப் பிரமபுத்திரா நதியைக் கடந்து தீவை அடைந்தோம்.

'சத்ரா' எனப்படும் வைணவ மடங்கள் நிறைந்த தீவு இது. 1663ஆம் ஆண்டில் தோன்றிய சாமகுரி மடம் முகமூடிக் கலைக்குப் பேர்போனது. மகான் சங்கரதேவர் தொடக்கிவைத்த 'பாவனா' என்னும் பக்தி நாடகங்களுக்காகவே இவை செய்யப்படுகின்றன. மூங்கிலைப் பிளந்து கூடு பின்னுகின்றனர். களிமண் குழம்பில் தோய்த்த துணியை அதன்மேற் போர்த்துகின்றனர். மண்ணும் சாணமும் குழைத்து மூக்கையும் விழியையும் திரட்டி, உலர்ந்தபின் வர்ணம் தீட்டுகின்றனர். பத்துத் தலை இராவணனும், கண்ணனுக்கு நஞ்சூட்ட வந்த பூதகியும் சுவரிலிருந்து எம்மை உறுத்து நோக்கினர். 2024இல் இம்முகமூடிகளுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது.

சல்மோராக் கிராமத்திலோ அதே களிமண் பானையாகின்றது. பெண்கள் சக்கரமின்றிக் கையாலேயே தட்டித் தட்டி வனைகின்றனர். ஆடவர் ஆற்றங்கரையில் ஆழத் தோண்டி மண் எடுப்பர். வெள்ளம் அடித்துவரும் மரங்களை விறகாக்கிச் சூளையிடுவர். பானைகளை வள்ளத்தில் ஏற்றிச்சென்று நெல்லுக்கு மாற்றுவது அவர்தம் பழைய வழக்கம்.

மண்ணைக் கொடுக்கும் ஆறே மண்ணைக் கவர்ந்தும் செல்கின்றது. 1950 ஆகஸ்ட் 15இல் நேர்ந்த பெரும் பூகம்பத்தால் ஆற்றுப்படுகை மேடிட, கரையரிப்புக் கடுமையாயிற்று. அன்று தொட்டுப் பல ஊர்கள் நீருள் மறைந்தன. கரையைத் தோண்டினால் அரிப்பு மிகும் என்று அதிகாரிகள் தடுக்கின்றனர். தோண்டாவிடில் அடுப்பெரியாது என்று குயவர் வருந்துகின்றனர். இருவர் கூற்றிலும் நியாயம் இருப்பதே எம் உள்ளத்தை வருத்தியது.

அங்கு வாங்கிய சிறு பானையொன்று இப்போது எம் வீட்டுக் கூடத்தில் இருக்கின்றது. அதில் நீர் வார்க்குந்தோறும், அம்மண் எடுத்த இடத்தில் இன்று ஆறு ஓடுகின்றதோ என்னும் எண்ணம் எழாமல் இருப்பதில்லை.